ஒன்றாக ஏற வேண்டிய இரண்டு கொடிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. ஆகஸ்ட் பதினைந்து காலையில் எட்வின் கயிறு பிடித்து நின்ற கதையைச் சொல்கிறேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கஹவத்தைக்கு மேலே, எட்வின் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில், இரண்டு கம்பங்களை அருகருகே நட்டிருந்தார்கள். ஒன்றின் அடியில் இந்தியக் கொடி, மற்றதில் நம்முடைய இலங்கையின் சிங்கக் கொடி.

தோட்டத்து ஆட்களுக்கு இந்தியா கட்டிக்கொடுத்த பதினெட்டு வீடுகளுக்கு அன்றைக்குத்தான் சாவி. அவர்களுடைய சுதந்திர நாளிலேயே கொடுப்பதாக ஏற்பாடு. கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள்.

நிகழ்ச்சியை நடத்திய சுரேந்திரன் வெளியூர்க்காரர். இரண்டு நாட்டு நட்புக்கு அடையாளமாக, இந்தியக் கொடியைக் கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் ஏற்றட்டும், இலங்கைக் கொடியைத் தோட்டத்து ஆள் ஏற்றட்டும் என்று அவர்தான் யோசனை சொன்னார். இரண்டும் ஒன்றாகவே உச்சிக்குப் போக வேண்டும், ஒரு சாண் முந்தினாலும் மற்ற நாட்டுக்கு அவமரியாதை என்று முதல் நாளே பயமுறுத்தியும் வைத்திருந்தார்.

தோட்டத்திலிருந்து எட்வினின் பெயர் போனது. கிராமத்திலிருந்து குணதாசவின் பெயர் வந்தது; எல்லோருக்கும் அவர் குணே.

அந்த இரண்டு பேரும் ஒன்பது வருடமாக முகம் பார்ப்பதில்லை என்று சுரேந்திரனுக்கு யார் சொல்வது?

"பாட்டன் இந்தியாவுலருந்து கப்பலேறி வந்தவன் சிங்கக் கொடிக் கம்பத்துல நிக்கிறான், இந்தியக் கொடிய குணே இழுக்கப் போறான். நல்லாத்தான் மாத்திப் போட்டிருக்காங்க," என்றாள் கூட்டத்தில் நின்ற தங்கம்மா. பெண்கள் பக்கம் சிரிப்பு ஓடியது.

மெரினா சிரிக்கவில்லை. எட்வினின் தம்பி சாள்ஸின் மனைவி அவள். ஏழாம் நம்பர் வீடு அவளுக்கு. குணதாச கம்பத்தடிக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் எட்வினும் சாள்ஸும் குணதாசவோடு மாணிக்கக்கல் தோண்டும் குழிக்கு வேலைக்குப் போவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், சாள்ஸ் அடியில் நின்றபோது குழிக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அவன் கயிற்றைப் பற்றிக்கொண்டான். மேலிருந்து எட்வினும் குணதாசவும் இழுத்தார்கள்.

பாதி தூரம் வந்தவன் மறுபடி உள்ளே போய்விட்டான்.

குணே கையை விட்டுவிட்டான் என்று எட்வின் அலறியதை ஓடிவந்த எல்லோரும் கேட்டார்கள். குணதாச ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. சாவு வீட்டுக்கு அவர் அனுப்பிய அரிசி மூட்டையை மெரினா பாதையில் தள்ளிவிட்டாள்.

இப்போது எட்வினுக்கு ஒரே பயம்தான். இத்தனை பேர் நடுவில் குணதாச அந்தக் குழியைப் பற்றி வாய் திறந்துவிடக் கூடாது. மெரினா பத்தடி தூரத்தில் நிற்கிறாள்.

ஒலிபெருக்கியில் கீதம் தொடங்கியது.

இழுத்தார்கள்.

எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். எட்வின் குணதாசவின் வாயைப் பார்த்தார்.

இராத்திரி மழையில் கயிறு ஊறிப்போயிருந்தது. கையோ வேர்த்துக் கொட்டியது. பாதிக் கம்பம் தாண்டும்போது எட்வினின் பிடி நழுவியது. சிங்கக் கொடி சரசரவென்று ஒரு முழம் இறங்கியது.

முன்வரிசையில் ஒருவர் பாதி எழுந்தார். சுரேந்திரனின் முகத்தில் இரத்தமில்லை.

இந்தியக் கொடி அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குணதாச கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

அவருடைய உதடு அசைந்தது.

எட்வின் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

கண்ணைக் கொடியிலிருந்து எடுக்காமல், எட்வினுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் குழி மேட்டில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்.

"பதறாத எட்வின். அன்னைக்கி மாதிரி நீ மொதல்ல விட்டுறாத. நான் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

குணதாசவின் உள்ளங்கையில், கயிறு தோலை உரித்துக்கொண்டு போன பழைய தழும்பு, விரலடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாகக் கிடந்தது. கடைசிவரை பிடித்திருந்த கைக்குத்தான் அப்படி ஒரு தழும்பு வரும்.

எட்வினின் கையில், சாள்ஸ் போன அன்றும் ஒரு கீறல் இல்லை.

இறங்கிய ஒரு முழத்தை எட்வின் இழுத்து ஏற்றும் வரைக்கும் குணதாச காத்திருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு கொடிகளும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போய் நின்றன. கைதட்டல் எழுந்தது. சுரேந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எட்வின் கயிற்றைக் கட்டி முடித்தார். நாற்காலிக்குப் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் நடந்தார்.

"மெரினா, சாவி வாங்குறதுக்கு முந்தி நா ஒண்ணு சொல்லணும்," என்றார். "குணே முன்னாலயே சொல்லணும்."

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். உங்கள் வீட்டுப் பழியை அடுத்த வீட்டுக்காரன் சுமக்கிற நாள் ஒன்று வராமலே இருக்கட்டும்.