உடனே மூடிடுவேன்

பால்கனித் தொட்டியில் வெண்டை விதை போட்டவர்கள் ஓவியாவும் அவளுடைய மாமா செழியனும். விதை முளைக்கவே இல்லை. தினமும் மத்தியானம் ஓவியா குட்டிக் கொத்துக்கரண்டியால் அதைத் தோண்டியெடுத்துப் பார்த்தால் எப்படி முளைக்கும்? "வேர் விட்டுச்சான்னு பாத்துட்டு உடனே மூடிடுவேன் மாமா" என்பாள். சொன்னபடி மூடியும் விடுவாள். அந்த விஷயத்தில் பொறுப்பான குழந்தை. தம்பிப் பாப்பா அம்மா வயிற்றுக்குள் எப்படிப் போனான் என்று ஒருநாள் கேட்டாள். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் செழியன், "விதை போட்டிருக்கு, வளருது" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவைத்தான். மறுநாள் அவள் அம்மாவின் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். வீடே சிரித்தது. "அப்படியே உரமும் போடுடி" என்றான் செழியன். இன்று சாப்பிட்டதும் ஓவியாவின் அம்மா, செழியனின் அக்கா, உள்ளறையில் படுத்துத் தூங்கிவிட்டாள். செழியன் தண்ணீர் ஊற்றப் பால்கனிக்கு வந்தான். சில நாளாக யாரும் தோண்டாத மண்ணில் ஒரு வெண்டை முளை தலை நீட்டியிருந்தது. "ஓவி, ஓடி வா, முளைச்சிருச்சு!" அவள் வரவில்லை. கொத்துக்கரண்டி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. உள்ளறைக் கதவு தாழிட்டிருந்தது. தாழ் போட அவள் போன வாரம்தான் கற்றுக்கொண்டாள். கதவைத் தட்டினான். "ஷ்ஷ், அம்மா தூங்குறாங்க மாமா." "ஓவி, கதவத் தொற செல்லம்." "இரு மாமா, உடனே மூடிடுவேன்."