எட்டாவது புகை

கிரான் ஊருக்கு அப்பால், மேய்ச்சல் தரையின் மஞ்சள் வெயிலில் ஏழு கரிவட்டங்கள் கிடக்கின்றன. "ஆரோ தரைக்கு நெருப்பு வைக்கிறாங்க மாமி," என்று கொதிக்கிறான் அடுத்த மாட்டுப்பட்டிக்கார உதயரூபன். கண்ணகை குந்தியிருந்து ஒரு வட்டத்தைக் கிளறுகிறாள். பாதி வெந்த சாணம், கருகிய வேப்பங்குழை. மாடுகளை நுளம்பு கடிக்காமலிருக்க அந்தியில் அவள் கணவர் மூட்டும் புகை அது. மணம் பிடித்து நாற்பது மாடும் ஓடிவந்து சுற்றிப் படுக்கும். கார்த்திகை வெள்ளம் மாடுகளோடு பட்டியையே அள்ளிப்போன பிறகும், அந்தியானால் மனிதர் சொல்லாமல் எங்கோ போய்வருகிறார். "நெருப்பில்ல மகன், புகை. மாமாட வேலைதான்," என்கிறாள். வட்டத்தைச் சுற்றி ஒரு குளம்படிகூட இல்லை. தூரத்தில் எட்டாவது புகை எழுகிறது. கண்ணகை பச்சைக்குழை ஒடித்துக்கொண்டு அதை நோக்கி நடக்கிறாள்.