தபால்காரர் ஸெப்பின் கல்லறை

கிளிஃபோர்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான்.

அது கல்லே இல்லை. பலகைமேல் பிளாஸ்டர் பூசிச் சாம்பல் வண்ணம் அடித்தது. இருபத்தேழு வருடம் ஓடிய சிரிப்புத் தொடரில் தபால்காரர் ஸெப் செத்துப்போன வாரத்துக்காக டி.வி.க்காரர்கள் நட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள்.

"அத அங்கயே வையி, கிளிஃபோர்டு."

தேவாலயக் கல்லறைத் தோட்டத்துத் தூறலில் முரியல் நின்றாள். குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

"சபையில கை தூக்கி முடிவு பண்ணியாச்சுக்கா. நெசமா செத்தவங்களுக்கே இங்க இடமில்ல. பொறக்கவே பொறக்காத ஆளுக்கு எதுக்கு ஆறடி?"

கிளிஃபோர்ட் கெட்டவன் அல்ல. தேவாலயத்தில் மணியடிப்பவன், புல் வெட்டுபவன். அவள் வீட்டில் பல்பு போனாலும் அவன்தான் வந்து மாட்டுவான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் வியாழக்கிழமை என்று ஒன்று இருந்ததே!

வியாழன்தோறும் ரசிகர்களின் பேருந்து வரும். ஒரு காலத்தில் நான்கு வந்தன, இப்போது ஒன்று. இறங்கியதும் டீக்கடை. பிறகு ஸெப் வாராவாரம் சைக்கிளோடு தாண்டி விழும் கற்சுவர், அவர் போய் விழும் வாத்துக் குளம். கடைசியில் இங்கே வருவார்கள்.

போன வாரம் நாரிச் நகரத்திலிருந்து வந்த ஒரு பெண், மஞ்சள் டாஃபடில் பூங்கொத்தை வைத்துவிட்டு அந்தப் பிளாஸ்டரைத் தடவிக்கொடுத்தாள். "என்னமா விழுந்து எங்களச் சிரிக்க வச்சய்யா நீ" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து முரியல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற ஆறு நாளும் அவளுக்குப் பேச்சுத்துணை ரேடியோதான். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

விழுந்ததென்னவோ ஸெப்பாக நடித்தவர் இல்லை. அந்த மகராசன் போர்வையைப் போர்த்திக்கொண்டு காருக்குள் டீ குடிப்பார். தபால்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து சைக்கிளை விட்டது முரியலின் கணவன் ஹெட்லி. வாரநாட்களில் அதே மாதிரிச் சுவர்களை அடுக்கிக் கட்டுவதுதான் அவன் பிழைப்பு.

இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் முகம் டி.வி.யில் வரவில்லை. முதுகு மட்டும்தான்.

"நாடே என் முதுகப் பாத்துத்தான் சிரிக்குது, முரியல்" என்பான், அவள் தைலம் தேய்க்கும்போது.

தொற்றுநோய்க் குளிர்காலத்தில் ஹெட்லி போனான். இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர் வரலாம் என்றார்கள். பயத்தில் யாரும் வரவில்லை. முரியல் ஒருத்தி மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சாம்பலைக் கொண்டுபோய் மேட்டுக் காட்டில் தூவிவிட்டதாக ஊரில் சொன்னாள்.

கிளிஃபோர்ட் மண்வெட்டியை எடுத்தான். தரையைக் கொத்திச் சமன் செய்து புல் பதிக்க வேண்டும்.

"ஹெட்லி அண்ணனுக்காச்சும் இங்க ஒரு கல்லு வச்சிருக்கலாம். நீங்கதான் காத்துல விட்டுட்டீங்க. அந்த மேட்டுக்கு யாருக்கா போயி பாப்பா?"

"யாரும் போக மாட்டாங்க. அதான்."

அவன் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. மண்வெட்டியைத் தலைக்குமேல் ஓங்கினான்.

"மெதுவாடா!" முரியல் அலறியேவிட்டாள். "ஏற்கெனவே அடிபட்ட முதுகுடா அது."

மண்வெட்டி அந்தரத்திலேயே நின்றது.

கிளிஃபோர்ட் தரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

கீழே வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

அவன் மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்து வைத்தான். பலகைக் கல்லை வண்டியிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே நட்டான். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கப் போனவன், சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, கையாலேயே அமுக்கிவிட்டான்.