தவக்காலச் சோதனை

பற்றிக் என்ற அந்தப் பையன் பூசைக்கு வந்தது மாதாவைப் பார்க்க அல்ல, என் மகள் அனற்றைப் பார்க்க. எனக்கா தெரியாது?

தவக்காலம் தொடங்கிய அன்று அவனைக் கூப்பிட்டு, "அனற்றுக்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சு, விட்டுரு" என்று பொய் சொன்னேன்.

அனற்றிடம் மறைக்கவில்லை. "அவன்கூடப் பேசாத. ஈஸ்டர் வரைக்கும் பூசைக்கு வந்தான்னா நானே கட்டி வைக்கிறேன்."

"வருவாரு, பாருங்கப்பா."

வந்தான். திகனவிலிருந்து பஸ் ஏறி, தினமும் கண்டிக்குக் காலைப் பூசைக்கு வந்தான். முதலில் அழுதான். பிறகு அழவில்லை. கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து காவல் காத்தே நான் ஓய்ந்துபோனேன்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அவனைப் பிடித்தேன். "தம்பி, நான் சொன்னது பொய். அனற் உனக்குத்தான்."

அவன் தலைகுனிந்து நின்றான்.

"அங்கிள், முன்ன அவங்களுக்காகத்தான் வந்தேன். நீங்க சொன்ன பிறகுதான் நெசமா ஜெபம் பண்ணப் பழகினேன். பாதர்கிட்டப் பேசிட்டேன். சாமியாராப் படிக்க அம்பிட்டிய குருமடத்துக்குப் போறேன்."

வாசலில் அனற் புதுச் சேலையோடு நின்றாள்.

"என்னப்பா, இப்பவாவது அவர நம்புறீங்களா?"

"நம்புறேன்மா," என்றேன்.