பன்னிரண்டாம் கூண்டு

பன்னிரண்டாம் கூண்டின் முன்னால் ஹிசநாகா கைகூப்பி நின்றதைப் பார்த்ததும் அயானோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தோற்க வேண்டும் என்று காலங்கார்த்தாலே வேண்டுதல்!

"எலிக்கூண்டு கோயிலாயிடுச்சா சார்? மணி வேணா வாங்கிக் கட்டட்டுமா?"

அவர் திடுக்கிட்டுக் கைகளைக் கீழே போட்டார். "இல்ல... குட்டி ஏதாவது..."

"இல்ல. இருக்கவும் இருக்காது."

விந்தணு உருவாகும்போது அதன் உட்கருவுக்குள் சேதி சுமந்து போகும் புரதம் ஒன்று உண்டு. அந்தச் சுமைதூக்கி இல்லாத ஆண் சுண்டெலிக்கு வாரிசே கிடையாது என்று நிரூபிக்கத்தான் ஒசாகாவின் இந்த ஆய்வுக்கூடத்தில் அயானோ மூன்று வருடமாக மாடாய் உழைக்கிறாள். ஒரே ஒரு குட்டி பிறந்தாலும் எல்லாம் பாழ். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் கட்டுரை போகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அகிதாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தலைவர் எப்போதோ சரி என்றுவிட்டார். துணைத் தலைவர் ஹிசநாகா முத்திரை குத்தினால்தான் கட்டுரை வெளியே போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

பன்னிரண்டாம் கூண்டில் இருந்த, அந்தப் புரதம் இல்லாத ஆணோடு விட்ட முதல் பெண் எலி குட்டி போடவில்லை. "இன்னொண்ண விட்டுப் பாரு" என்றார். இரண்டாவதும் போடவில்லை. மூன்றாவதை அவரே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். ஏற்கெனவே நாற்பது குட்டி போட்ட மகராசி.

"ஒண்ணே ஒண்ணு பொறந்தாப் போதும்" என்று அவர் முணுமுணுத்ததை அயானோ தன் காதாலேயே கேட்டாள். இந்த மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று அன்று கழிவறையில் போய் அழுதாள்.

இன்னொரு நாள் சம்பந்தமில்லாமல் கேட்டார். "அந்த ஆண் மத்தபடி நல்லா இருக்குல்ல? அந்தப் பெண்ணோட ஒத்துமையா இருக்கா?"

"ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குது. அதெல்லாம் கட்டுரைக்கு வேணாம் சார்."

இன்றோடு மூன்றாவது கெடுவும் முடிந்தது. அயானோ கூண்டை வெளியே இழுத்து அவர் கண்ணெதிரே திறந்தாள். பெண் எலி பஞ்சைப் பிய்த்துக் கட்டியிருந்த கூடு காலியாகக் கிடந்தது.

"பாத்துக்குங்க. இப்பவாவது குத்துவீங்களா, இல்ல நாலாவதா ஒண்ணத் தேடுவீங்களா?"

அவர் அந்தக் கூட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்குப் போய் முத்திரையை எடுத்தார். முதல்முறை சரியாகப் பதியவில்லை. மை தொட்டு மறுபடி குத்தினார்.

"நீ சொன்னதுதான் சரி. இதுல ஓட்டையே இல்ல. வாழ்த்துகள்."

ஜெயித்துவிட்டாள். ஆனாலும் மூன்று மாத ஆத்திரம் அடங்கவில்லை.

"வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் சார். நான் தோக்கணும்னு அப்படி என்ன ஆசை உங்களுக்கு?"

ஹிசநாகா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"எங்க பையனுக்கும் அந்தப் புரதம் இல்லையாம், அயானோ."