ஒற்றை விரல்

செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீஷானிடம், எழிலரசி தன் கணவரின் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். கணவர் சக்கரவர்த்தி இறந்து நாலு மாதம் ஆகிறது. மகள் கவிநிலா திங்கட்கிழமை காலேஜில் சேர்கிறாள்.

"பழசு ஒண்ணும் இருக்கக் கூடாது பாய். பார்த்தா அழுவா."

"டிஸ்க்கையே மாத்திட்டுப் புதுசா ஏத்திடறேன்க்கா. உக்காருங்க."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஜீஷான் புது டிஸ்க்கை மாட்டிப் பென்டிரைவைச் செருகினான். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஏறிவிட்டது. கடைசியாக, பயன்படுத்துபவரின் பெயரைக் கேட்டது. கவிநிலா என்று இங்கிலீஷில் அடித்தான். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. மறுபடி அடித்தான். மறுபடி அழிந்தன.

"கீபோர்டு போயிடுச்சுபோல" என்று அதைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

காலியாக இருந்த பெட்டியில் 'சி' வந்தது. வெகுநேரம் கழித்து 'ஹெச்'. பிறகு 'ஏ'. பிறகு 'கே'.

"வைரஸா இருக்கும்க்கா" என்றான். பென்டிரைவைப் பிடுங்கினான்.

எழிலரசி நடப்பதை நிறுத்தியிருந்தாள். "அவரு ஒத்த விரல்லதான் அடிப்பாரு. ஒவ்வொரு எழுத்தா தேடுவாரு."

அடுத்த எழுத்து வரவேயில்லை. கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அவள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏங்க, மேல் வரிசையில நாலாவது" என்றாள், எப்போதும் சொல்கிற அதே சலிப்போடு.

'ஆர்' வந்தது.