காணாமப் போகாத சிர்க்கோனியம்

சிர்க்கோனியம் இருக்கு.

லேப்ல அவ திரும்பவும் மைக்ராஸ்கோப் ரிப்போர்ட்டைப் பார்த்தா. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மீதி நியோபியம்.

மைக்ராஸ்கோப் பார்த்துத் தர்ற பிளாரன்ஸ், ரெண்டு உலோகம் போட்டேன்னு நீதானே எழுதிக் குடுத்தே, இப்ப என்ன இப்படி முழிக்கறேன்னு கேட்டா.



போன வாரம் இதே உலோகப் படலத்துல, இந்த ஃபிலிம்ல, சிர்க்கோனியமே இல்லன்னு முடிவு பண்ணியிருந்தாங்க.

ரெண்டு உலோகத்தையும் மாத்தி மாத்தி, மெல்லிசா, அடுக்கடுக்கா சேம்பருக்குள்ள படிய வைக்கறது அவளோட ஆராய்ச்சி. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு ஷட்டர் மூடியிருக்கும். அதைத் திறந்தாத்தான் உலோகம் வந்து படியும்.

உள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்க ஃபிலிமை எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்துல கோடு நியோபியம் பக்கம் மட்டும் கூரா மேலே ஏறியிருந்துச்சு, ஒரே ஒரு பீக். சிர்க்கோனியம் வர வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல.

நீ சிர்க்கோனியம் ஷட்டரைத் திறக்க மறந்துட்டேம்மான்னு கைடு சொன்னார். திட்டல. உடம்பு சரியில்லாதவங்ககிட்ட பேசற மாதிரி பேசினார்.

பிரசவ லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து எல்லாரும் அவகிட்ட அப்படித்தான் பேசறாங்க.

ஜூனியர் யாழ்மொழிதான் சிரிச்சா. ஏங்க்கா, ஷட்டரைத் திறக்கற நேரத்துல பாப்பாவுக்குப் பால் கலக்கப் போயிட்டீங்களான்னு கேட்டா.

அவளும் கூடச் சிரிச்சா.

திறந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எக்ஸ்ரே இல்லைங்குது. தன்னை நம்பறதா, எக்ஸ்ரேயை நம்பறதா?

மறந்துதான் போயிருப்பேன்னு அவளே ஒத்துக்கிட்டா.

திங்கக்கிழமையிலேர்ந்து யாழ்மொழி சேம்பரைப் பார்த்துக்கட்டும், நீ உக்காந்து தீசிஸ் எழுதுன்னு கைடு சொல்லிட்டார்.

இன்னைக்கு வெள்ளி. எக்ஸ்ரேக்கு முன்னாடியே பிளாரன்ஸ்கிட்ட குடுத்திருந்த துண்டோட ரிப்போர்ட் இப்பத்தான் வந்திருக்கு.

அவ பழைய எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்தா.

அந்த ஒரு பீக் சரியா நியோபியத்தோட இடத்துல இல்ல. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிக்குது. அன்னைக்கும் பார்த்தாங்க. ஃபிலிம்ல இறுக்கம் இருக்கும், அதான் தள்ளிப் போயிருக்குன்னு விட்டுட்டாங்க.

சிர்க்கோனியம் தன்னோட வழக்கமான அமைப்புல இருந்தாத்தான் அதுக்குன்னு உள்ள பீக் வரும்.

இங்க அது அப்படி இல்ல. பக்கத்துல நியோபியத்தோட அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கோ, அதே மாதிரி தானும் அடுக்கி நிக்குது. அதான் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பீக், கொஞ்சம் தள்ளி.

அடுக்கு தடிமனா இருந்தா இது நடக்காது. தன் வழிக்கே போயிடும்.

இவ்வளவு மெல்லிசா இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஒட்டாம தன் அமைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்குத்தான் சக்தி செலவு ஜாஸ்தி. பக்கத்துல இருக்கறவங்களை மாதிரி இருந்துட்டா செலவு கம்மி. அதான் அதுக்கு நிலையான இடம்.

எங்கேயும் போகல.

ஆளைத்தான் அடையாளம் தெரியல.

கைடு ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். எந்தத் தடிமன்ல அது பழையபடி மாறுதுன்னு பார்க்கணும், நல்ல பேப்பர் ஒண்ணு வரும்னார். போர்டுல அடுக்கு வரைய ஆரம்பிச்சுட்டார். யாழ்மொழியைக் கூப்பிடு, திங்கக்கிழமை அவளே போடட்டும்னார்.

அவ நகரல.

"சார், நான் ஷட்டரைத் திறந்தேன்."

"அதான் தெரியுதேம்மா," வரைஞ்சுக்கிட்டே சொன்னார்.

"அப்ப திங்கக்கிழமையும் நானே திறக்கறேன்."

சாக்பீஸ் நின்னுச்சு. திரும்பிப் பார்த்தார். சரின்னார்.

சாயங்காலம் அவதான் கடைசியா லேபைப் பூட்டினா.

லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து தினமும் பாதிப் படி இறங்கிட்டு, பூட்டினோமா இல்லையான்னு மறுபடியும் மேலே ஏறிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பா.

இன்னைக்கும் பாதிப் படியில கால் நின்னுச்சு.



அப்புறம் கீழே இறங்கினா.